ஏரி வெளியே, படகு உள்ளே

ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவனுக்குச் சொந்தபந்தம் எல்லாம் மே மாதத்தில்தான் முளைக்கும். மார்கழிக் குளிரில் நானும் அம்மாவும் மனைவியும் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போது ஒரு போன் வராது. ஏப்ரல் கடைசியில் சேலத்து வெயில் 40 டிகிரியைத் தொட்டதோ இல்லையோ, "அண்ணா, அம்மாவுக்கு முட்டி இப்ப எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அம்மாவின் முட்டி ஆறு வருஷமாக ஒரே மாதிரிதான் இருக்கிறது. அது அவர்களுக்கும் தெரியும். நானும் "வாங்க, வாங்க" என்றுதான் சொல்லுவேன். வந்தாலும் புலம்புவேன், வராவிட்டாலும் புலம்புவேன். என் சுபாவம் அப்படி.

வந்தபிறகு படுகிற பாடுகள் எனக்குப் பழகிவிட்டன. இருபது கொண்டை ஊசி வளைவில் பாதியிலேயே வாந்தி எடுத்த பிள்ளையைக் கழுவித் துடைத்து உள்ளே கூட்டி வர வேண்டும். ஒரே கீசரில் பதினோரு பேருக்கு வெந்நீர் பங்கு போட வேண்டும். "ஊட்டி அளவுக்குக் குளிரலையே" என்று மத்தியானம் சொன்ன அதே வாய், ராத்திரி "இன்னொரு போர்வை இருக்கா?" என்று கேட்கும். இதெல்லாம் விருந்தோம்பல் கணக்கில் சேர்ந்துவிடும். இந்த வருஷம் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. தங்கை குடும்பம் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெட்டிக்காக.

தங்கை வீட்டுக்காரர் சிங்கப்பூரில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவர். வீட்டுச் சாமானோடு சாமானாகப் பழைய நிண்டெண்டோ வீ ஒன்றையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தடிப் புத்தகம் அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. கையில் பிடிக்க டிவி ரிமோட் மாதிரி ஒன்று. நாம் கையை வீசினால் திரையில் இருக்கிற பொம்மை மட்டையை வீசும். சென்னையில் அவர்கள் புது டிவியில் அதன் ஒயர் சேரவில்லையாம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனை அதற்கு. "மச்சான் வீட்ல பழைய டிவிதானே, அதுல கண்டிப்பா சேரும்" என்று மாப்பிள்ளை இங்கே கொண்டுவந்துவிட்டார். சேர்ந்தது. "டிவியை மாத்துங்க, மாத்துங்க" என்று மனைவி வருஷக்கணக்காகச் சொன்னதைக் காதில் வாங்காததற்கு எனக்குக் கிடைத்த தண்டனை.

மலைக்கு எதையாவது தூக்கிக்கொண்டு ஏறி வருகிறவர்களைப் பொதுவாக நான் குறை சொல்லுகிறவன் இல்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அந்தப் புண்ணியத்தில்தான் இன்றைக்கும் என் ஒன்றரை ஏக்கர் ஓடுகிறது. கொண்டுவருவது எது என்பதுதான் விஷயம்.

முதல் நாள் காலை. ராத்திரி தூறல் போட்டு ஓய்ந்திருந்தது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மூடுபனி மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. மிளகுக் கொடியில் இலைக்கு ஒரு சொட்டு தொங்கியது. காப்பிச் செடியில் பூ முடிந்து மிளகு மிளகாகப் பிஞ்சு பிடித்திருக்கிற நேரம். இந்த நேரத்தில் பேசிக்கொண்டே ஏரிக்கு இறங்கினால், படகுத்துறை திறக்கும்போது முதல் ஆளாக நிற்கலாம். கோடை விழா சமயம் வேறு. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி, நாய்க் கண்காட்சி என்று ஊரே திரண்டிருக்கும். பத்து மணிக்கு மேல் போனால் வரிசையில் நின்றே பொழுது போய்விடும். முந்தின ராத்திரி சாப்பிடும்போதே இதையெல்லாம் விளக்கியிருந்தேன், எல்லோரும் தலையாட்டியும் இருந்தார்கள்.

காப்பி டம்ளரோடு ஹாலுக்கு வந்தால், தங்கை மகன் பல்கூடத் தேய்க்காமல் டிவி முன்னால் நின்று துடுப்பு போட்டுக்கொண்டிருக்கிறான்.

இரண்டு கையாலும் அந்த ரிமோட்டை உலக்கை மாதிரிச் செங்குத்தாகப் பிடித்திருந்தான். இடது பக்கம் இரண்டு இழுப்பு, வலது பக்கம் இரண்டு இழுப்பு. திரையில் ஒரு தோணி. சுற்றிலும் தண்ணீர், கரையெல்லாம் மரம், தூரத்தில் பசேலென்று ஒரு மலை. அவனுக்கு முதுகுப் பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, எந்தச் செலவும் இல்லாமல், அதே மலை.

"என்னடா பண்றே?"

"படகு ஓட்டறேன் மாமா."

"அதுக்குத்தானேடா ஏரிக்குப் போகலாம்னு சொன்னேன்?"

"இந்த ஒரு ரவுண்டு மட்டும் மாமா. வந்துடறேன்."

அந்த 'ஒரு ரவுண்டு' ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் முடியவில்லை.

அவன் விளையாடியதற்குப் பெயர் 'வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்'. 2009-ல் வந்தது. வூஹு என்று ஒரு கற்பனைத் தீவு, அதில் ஒரு விடுமுறை விடுதி. அங்கே போய் இறங்கிப் பன்னிரண்டு வகை விளையாட்டு ஆடலாம். தோணி, சைக்கிள், வில் அம்பு, பிங்பாங், கோல்ஃப் என்று போகிறது பட்டியல். எட்டாவது மாடி ஃபிளாட்டில் அடைந்து கிடக்கிற குடும்பத்துக்கு அது ஒரு கொடுப்பினை என்று நானே ஒப்புக்கொள்வேன். ஆனால் லீவு போட்டு, பெட்ரோல் போட்டு, பிள்ளைக்கு வாந்தி மாத்திரை போட்டு, 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறி வந்து, வந்த இடத்திலிருந்து இன்னொரு விடுமுறை விடுதிக்குக் கிளம்பிப் போகிறவர்களை என்ன சொல்வது? ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்று பேரே வந்தது. ஊர்ப் பெயரிலேயே இருக்கிற இரண்டையும் விட்டுவிட்டு இவர்கள் என் ஹாலைச் சுற்றிப் பார்க்கிறார்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்த ஊரில் பெண்களுக்கு ஒரு சீட், ஆண்களுக்கு ஒரு சீட், குழந்தைகளுக்கு ஒரு சீட் என்று பாறை முனைகளுக்குப் பெயர் வைத்தார்கள். லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட். வானம் தெளிவாக இருக்கிற நாளில் லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் மொத்தமும் காலடியில் தெரியும், மேட்டூர் அணைகூடத் தெரியும். இந்த மே மாதம் மூன்று சீட்டும் என் வீட்டு சோபாவில்தான் இருந்தன.

சரி, அப்படி என்னதான் அதில் இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டிவிக்கு மேலே விரல் தடிமனில் ஒரு கறுப்புப் பட்டையை ஒட்டியிருந்தார்கள். 'சென்சார் பார்' என்று பெயர். அதுதான் நம்மைப் பார்க்கிறதோ என்று சட்டையைச் சரிசெய்துகொண்டேன். மாப்பிள்ளை சிரித்தார். அது எதையும் பார்ப்பதில்லையாம். இரண்டு ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். பார்க்கிற கண் ரிமோட்டின் நுனியில் இருக்கிறது. பட்டைக்குப் பதிலாக இரண்டு மெழுகுவத்தியைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி ஏற்றி வைத்தாலும் வேலை செய்யுமாம். கை வீச்சை அளப்பது ரிமோட்டுக்குள் இருக்கிற ஒரு சின்ன சில்லு. எவ்வளவு வேகத்தில், எந்தப் பக்கம் அசைந்தது என்பதை அது கண்டுபிடிக்கும். 2009-ல் அதோடு கையின் திருப்பத்தை அளக்கிற இன்னொன்றும் சேர்ந்தது.

ஆக, அதற்குத் தெரிந்ததெல்லாம் ரிமோட் அசைந்ததா, இல்லையா. பிடித்திருக்கிறவன் நிற்கிறானா, படுத்திருக்கிறானா, வாயில் முறுக்கு மெல்லுகிறானா என்பது தெரியாது. இந்தச் சூட்சுமத்தைப் பெரியவர்கள் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும். பிள்ளைகள் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். முதல் நாள் காலையில் நின்று துடுப்பு போட்டவன், மத்தியானம் சோபாவில் சாய்ந்து மணிக்கட்டை மட்டும் சொடுக்கிக்கொண்டிருந்தான். படகு முன்னைவிட வேகமாகப் போனது.

சைக்கிள்தான் எனக்கு ஆறவே இல்லை. வலது கையில் ரிமோட், இடது கையில் இன்னொரு குமிழ், இரண்டையும் மாற்றி மாற்றி மேலும் கீழும் ஆட்ட வேண்டும். அதாவது, சைக்கிளைக் கையால் மிதிக்கிறார்கள். கால் இரண்டும் சும்மா தரையில் கிடக்கின்றன.

டென்னிஸில் இன்னும் மோசம். அது 2006-ல் முதலில் வந்த 'வீ ஸ்போர்ட்ஸ்' தட்டில் இருக்கிறது. டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், பாக்சிங் என்று ஐந்து ஆட்டம். ஜப்பான், கொரியா தவிர மற்ற நாடுகளில் பெரும்பாலும் பெட்டியோடு சேர்த்தே கொடுத்தார்கள். எட்டுக் கோடிக்கும் மேல் போனது. அந்த டென்னிஸில் பந்து எங்கே விழுந்தாலும் பொம்மை தானாகவே ஓடிப் போய் நிற்கும். நாம் சமயம் பார்த்துக் கையை வீசினால் போதும். ஓடுவதை மெஷின் பார்த்துக்கொள்கிறது. யோசித்துப் பாருங்கள், பிள்ளைகள் எதைச் செய்ய வேண்டும் என்று நாம் அடித்துக்கொள்கிறோமோ, சரியாக அதை மட்டும் அது தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு பேசுகிறேனே, நான் ஆடவில்லையா என்று கேட்பீர்கள். ஆடினேன். இரண்டாம் நாள் ராத்திரி, "மாமாவுக்குப் பயம்" என்று பத்து வயது மருமகள் சொன்னாள். ஒரு காலத்தில் சேலத்தில் காலேஜ் டீமில் ஷட்டில் ஆடியவன் நான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தேன். ரிமோட்டின் அடியில் ஒரு கயிறு தொங்கியது. அதைக் கையில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று விட்டுவிட்டேன்.

நான்காவது பாயின்ட்டில் பந்து வாகாக உயர வந்தது. நாற்பது வருஷத்துப் பழைய ஸ்மாஷ் ஒன்று தோளுக்குள் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது, அது விழித்துக்கொண்டது. ரிமோட் என் கையில் இல்லை. சுவரில் இருந்த கடிகாரமும் சுவரில் இல்லை. தவறு என்னுடையது, கயிறு மாட்டாதவன் நான்தான். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு உலகம் முழுக்கக் கூட்டாளிகள் உண்டு என்று பிறகு தெரிந்தது. பெட்டி வெளிவந்த ஒரே மாதத்தில், கயிறு அறுந்து ரிமோட் பறந்து டிவியில் மோதுகிற கதைகள் ஏராளமாகக் கிளம்பி, 2006 டிசம்பரில் 32 லட்சம் கயிறுகளைத் தடிமனாக மாற்றித் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. அடுத்த வருஷம் ரிமோட்டுக்கு ரப்பர் சட்டையும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் தோளைத் தூக்க முடியவில்லை. இதற்கும் முன்னோடி இருக்கிறார். 2007-ல் அமெரிக்காவின் பிரபல மருத்துவ இதழான நியூ இங்கிலாந்து ஜர்னலில் ஒரு டாக்டர் கடிதம் எழுதினார். 29 வயது ஆள், எந்த அடியும் படவில்லை, ஆனால் வலது தோளில் தாங்க முடியாத வலி. விசாரித்தால், புதிதாக வாங்கிய பெட்டியில் மணிக்கணக்கில் டென்னிஸ் ஆடியிருக்கிறார். அந்த வலிக்கு டாக்டர் வைத்த பெயர் 'வீயைட்டிஸ்'. அவருக்கு மணிக்கணக்கு ஆனது. எனக்கு நான்கு பாயின்ட்.

"பார்த்தியா அண்ணா, எவ்வளவு எக்சர்சைஸ்!" என்றாள் தங்கை, என் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே. இந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குக் கோபமே வருகிறது. விளையாட்டு என்று சொல்லுங்கள், பொழுதுபோக்கு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். உடற்பயிற்சி என்று சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். லிவர்பூலில் ஒரு பல்கலைக்கழகத்தில் பதின்வயதுப் பிள்ளைகளை ஆட விட்டு, எவ்வளவு சக்தி செலவாகிறது என்று அளந்து, 2007-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். உட்கார்ந்து ஆடுகிற வீடியோ கேமைவிட இதில் கூடுதலாகத்தான் செலவாகிறது. ஆனால் அதே ஆட்டத்தை நிஜமாக ஆடுவதற்கு இது ஈடாகாது. 2012-ல் அமெரிக்காவில் இன்னொரு ஆய்வு. பிள்ளைகள் வீட்டுக்கே பெட்டியைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஆடி ஓடுகிற கேம், இன்னொரு கூட்டத்துக்கு உட்கார்ந்த இடத்து கேம். இடுப்பில் ஒரு கருவியைக் கட்டி வாரக்கணக்கில் அளந்தார்கள். ஆடி ஓடுகிற கேம் வாங்கிய பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக அசையவே இல்லை. சோபாவும் மணிக்கட்டும் அந்த ஊரிலும் இருக்கும் போலிருக்கிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் தங்கை கேட்டாள், "நீ மட்டும் தினமும் நடக்கறியா?" அது வேறு விஷயம்.

இனி, பையன் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். அவன் வாயில்லாப் பூச்சி இல்லை. மூன்றாம் நாள், "சரிடா, ஏரி வேண்டாம். வாசல்ல ஷட்டில் ஆடலாம் வா" என்று இழுத்துக்கொண்டு போனேன். தோள் வலியோடே முதல் சர்வீஸ் போட்டேன். சேர்வராயன் மலைக் காற்று இறகுப் பந்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பலா மரத்தில் வைத்தது. இரண்டாவது பந்து காப்பித் தோட்டத்துக்குள். "மாமா, உள்ள காத்தே அடிக்காது" என்றான் பவ்யமாக. கிரிக்கெட் ஆடலாம் என்றால் சமதரை எங்கே இருக்கிறது? பந்தை விட்டால் அது பாட்டுக்கு உருண்டு கீழ் எஸ்டேட்டுக்குப் போகும். கொஞ்சம் இருட்டினால் காட்டெருமை இறங்கிவிடும். மலையில் இப்போது அது சகஜம். என் வேலி ஓரத்திலேயே இரண்டு நிற்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நானே பிள்ளைகளை வெளியே விடமாட்டேன். மழை பெய்தால் அட்டை வேறு.

ஆனால் நாங்களும் இதே சரிவில்தான் ஆடினோம். சரிவுக்கு என்று தனிச் சட்டம் வைத்திருந்தோம். காப்பித் தோட்டத்துக்குள் அடித்தால் அவுட். பந்து சாக்கடையைத் தாண்டி உருண்டால் இரண்டு ரன், அதற்கு மேல் ஓடக் கூடாது. மேட்டுப் பக்கம் நின்று போடுகிறவனுக்கு ஓவருக்கு நாலு பந்துதான், ஏனென்றால் அவனுக்கு இறக்கத்தின் உதவி இருக்கிறது. கீழ்ப் பக்கம் ஃபீல்டிங் நிற்பவன் யாரோ, அவன் அன்றைக்கு யாரிடமோ சண்டை போட்டவன் என்று அர்த்தம். எத்தனை நாள் பந்தைத் தேடியே ஆட்டம் முடிந்திருக்கிறது! அப்படித் தேடும்போதுதான் எந்த மரத்தில் எத்தனை பலா காய்த்திருக்கிறது என்று கணக்கெடுப்போம்.

பையனிடம் கேட்டேன், உன் பெட்டியில் கிரிக்கெட் இருக்கிறதா என்று. இல்லையாம், பேஸ்பால்தானாம். இதில் நம்மவர்களும் முயன்று பார்த்திருக்கிறார்கள். 2009-ல் ஹைதராபாத்தைச் சேர்ந்த கேம்சாஸ்த்ரா என்ற கம்பெனி 'தேசி அட்டா' என்று ஒன்று செய்தது. கபடி, கிட்டிப்புள் எல்லாம் அதில் உண்டு, ஆனால் ஆடுவது பட்டனை அழுத்தி. கிட்டிப்புள்ளை உட்கார்ந்து ஆடலாம் என்று யோசித்தவருக்கு ஒரு கும்பிடு. பிறகு மும்பையைச் சேர்ந்த ட்ரைன் கம்பெனி, கையை வீசி ஆடுகிற 'மூவ் ஸ்ட்ரீட் கிரிக்கெட்' கொண்டுவந்தது. சோனியின் பெட்டியில், தெருக் கிரிக்கெட்டை, தெரு இல்லாமல் ஆடலாம். நம் சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகிய நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒரே மூச்சாக மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு இறங்கினார். அவர் கையில் கயிறு கட்டிய ரிமோட் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பையனிடம் கேட்டேன். "ஹை ஸ்கோர் எடுத்திருப்பாரு மாமா" என்றான். பதில் சொல்ல முடியாத கேள்வியே இல்லை அவனுக்கு.

நான்காம் நாள் மத்தியானம் இடி இடித்துக் கரண்ட் போனது. நல்ல மழைக்கு முன்னால் மலையில் கரண்ட் போகாமல் இருந்தால்தான் அதிசயம். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். தாயக்கட்டை, பல்லாங்குழி எல்லாம் பரண்மேல் எங்கே இருக்கிறது என்று ஏணியைத் தேடிக்கொண்டு போனேன். திரும்பி வந்தால் ஹாலில் கைதட்டல். டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. இன்வெர்ட்டர். போன வருஷம் இதே கூட்டம் ஃபேன் இல்லை, சார்ஜர் இல்லை என்று புலம்பியதால் நானே பணம் கொடுத்து வாங்கி மாட்டியது.

இத்தனை வயிற்றெரிச்சலுக்கு நடுவிலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அம்மா என்னை மன்னிக்க மாட்டாள். அன்றைக்கு மழை கொட்டும்போது, சின்னவள் ரிமோட்டைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தாள். "அம்மாயி, இந்தப் பந்தை உருட்டி விடுங்க." பௌலிங் ஆட்டம். பட்டனை அழுத்திப் பிடித்து, கையைப் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசும்போது பட்டனை விட வேண்டும். ரிமோட்டையே விட்டுவிடக் கூடாது. (கயிற்றைக் கட்டிக்கொண்டாள். மகனைவிடப் புத்திசாலி.) முதல் இரண்டு உருட்டு ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. மூன்றாவதில் பத்தும் காலி. முட்டி தேய்ந்துபோய் வாசல் படி இறங்காதவள், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பத்துக் கட்டையையும் சாய்த்துவிட்டு, "இன்னொண்ணு அடுக்கச் சொல்லு" என்றாள். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் இதே பௌலிங்குக்குப் போட்டியே வைக்கிறார்கள் என்று எங்கோ படித்தபோது நான் சிரித்தவன். அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஏரிக்குப் போகிற எந்தத் திட்டத்திலும் அம்மாவுக்கு நான் இடம் வைத்திருக்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஆகவே பெட்டியை அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கிறேன். நல்ல காலும் முட்டியும் இருக்கிற மற்ற பத்துப் பேருக்கு விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கிளம்புகிற நாள் காலையில், கெஞ்சிக் கூத்தாடி, சின்னவளை மட்டும் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பனி இன்னும் தண்ணீர்மேல் படுத்திருந்தது. பெடல் படகு எடுத்தோம். ஏறி உட்கார்ந்து இரண்டு கையையும் தயாராக நீட்டி வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"துடுப்பு எங்க மாமா?"

"இது கால்ல மிதிக்கிறது."

"படகைக் கால்ல மிதிக்கணுமா?" சைக்கிளைக் கையால் மிதித்துப் பழகிய பிள்ளை நம்ப முடியாமல் என்னைப் பார்த்தது.

மிதித்தாள். படகு நேராகப் போகவில்லை, நடு ஏரியில் ஒரு முழு வட்டம் அடித்தது. பக்கத்துப் படகில் மோதப் பார்த்தோம். எதிர்க் கரையில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அதன் கிட்டத்தில் போக வேண்டும் என்றாள். போவதற்குள் அது பறந்துவிட்டது. இருபது நிமிஷத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு, "கால் வலிக்குது மாமா" என்றாள். எனக்கு அந்த வார்த்தை காதில் தேனாகப் பாய்ந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. மசாலா போட்ட மாங்காய் ஒன்று வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்தேன். வீட்டு வாசலில், "அண்ணா, நீ வரவே இல்ல. படகைக் கால்ல மிதிக்கணும், தெரியுமா?" என்று அவள் ஆரம்பித்தபோது, அண்ணன் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அடுத்த வருஷம் அவன் வருகிறானாம், ஏரிக்கு. பார்ப்போம்.

அடுத்த மே மாதம் மலையேறி வரப்போகிற என் உற்றார் உறவினருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பெட்டியைக் கொண்டு வாருங்கள், தடை இல்லை. மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரைக்கும் அது அம்மா நேரம். மற்ற நேரத்தில் டிவி ஒயர் என் பீரோவில் இருக்கும், சாவி என் இடுப்பில். ஷட்டில் மட்டை நாலு வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றில் நரம்பு அறுந்திருக்கிறது. சேலம் வழியாக வருகிறவர்கள் யாராவது முன்கூட்டியே சொன்னால், பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன், கட்டிக்கொண்டு வாருங்கள். அப்படியே ஒரு சுவர்க் கடிகாரமும்.